பழைய லொறியின் காபரேட்டரைக் கடைசியாகத் திறவுங்கள்

வியாபாரத்தில் லாபம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கொள்முதலில்தான் என்பார்கள் எமது மூத்த வியாபாரிகள். அது உண்மைதான். ஆயினும் புறக்கோட்டையில் வாங்கிய சாமான் வாடிக்கையாளரின் கடை வாசலில் இறங்கும் வரை அந்த லாபம் எமது கைக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ள முடியாது. இரண்டுக்கும் இடையில் ஒரு லொறி ஓட வேண்டியிருக்கிறது. அந்த லொறி முப்பது, நாற்பது வருடப் பழையதாகவும் பெற்றோலில் ஓடுவதாகவும் இருந்தால், கொள்முதலில் உழைத்த காசை கராஜில் இறக்கிவிட்டு வரும் நிலை எமது சிறு வியாபாரிகளில் பலருக்கு ஏற்படுகின்றது.

பழையதை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே என்று சொல்வது இலகு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் சந்தையில் இருந்த பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும், வரியும் விலையும் சேர்ந்து, ஒரு பலசரக்குக் கடைக்காரர் யோசிக்காமல் கைவைக்கும் தொகையாக அது இருக்கவில்லை. ஆகவே எண்பதுகளில் ஜப்பானில் தயாரான லைட்ஏஸ், வெனட், சுசுகி கெரி, ஹைஜெட் போன்ற காபரேட்டர் லொறிகளையும் வேன்களையும் வைத்துத் தொழில் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். எஞ்சின் இழுக்கவில்லை, பெற்றோல் குடிக்கிறது, ஏற்றத்தில் நின்றுவிடுகிறது என்றால் எல்லோருடைய கையும் முதலில் போவது காபரேட்டருக்கே. ஆனால் காபரேட்டர் கடைசியாகத் திறக்கப்பட வேண்டியது. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் நின்ற லொறி

எங்களுடைய கடை மாவனல்லையில். வாப்பாவின் காலத்தில் வாங்கிய லைட்ஏஸ் லொறி ஒன்று எங்களிடம் உண்டு. 4 கே எஞ்சின், 1290 சி.சி. பிஸ்கட், சவர்க்காரம், பருப்பு என்று ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாட்கள் கண்டிப் பக்கத்துக் கடைகளுக்குப் போகும். 2021 இல் ஒரு நோய் பிடித்தது. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். மாவனல்லையில் இருந்து நன்றாகவே போகும். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும்போது முக்கால்வாசித் தூரத்தில் இழுவை குறைந்து, தும்மி, நின்றுவிடும். அரை மணித்தியாலம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் மீண்டும் ஸ்டார்ட் ஆகும்.

பெற்றோல் கொதிக்கிறது என்றார் ஒருவர். ஈரத் துணியை பெற்றோல் பம்பின் மேல் போடச் சொன்னார். போட்டோம். அரை மணித்தியாலத்தில் ஸ்டார்ட் ஆனது. மருந்து கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டோம். துணி போடாவிட்டாலும் அதே அரை மணித்தியாலத்தில் ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

பின்னர் ஒரு கராஜில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். சரிவரவில்லை. காபரேட்டர் தேய்ந்துவிட்டது என்று பாவித்த ஒன்றை வாங்கிப் பூட்டினோம். அதுவும் சரிவரவில்லை. இரண்டாவது ஒன்றும் வாங்கினோம். இதற்கிடையில் கண்டியில் பதினைந்து வருடங்களாக எங்களிடம் சாமான் எடுத்து வந்த ஒரு கடைக்காரர், மூன்று முறை பொழுது சாய்ந்த பின் சாமான் வந்ததும், "தம்பி, கோபப்படாதீங்க, எனக்கும் கஸ்டமர் நிற்கிறாங்க" என்று சொல்லி வேறொரு விநியோகஸ்தரிடம் போய்விட்டார். அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியில் ஒரு நாள் லொறி நின்ற இடத்துக்குக் கிட்ட இருந்த ஒரு வயதான பாஸை டிரைவர் தம்பி கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. சீட்டைத் தூக்கச் சொன்னார். லைட்ஏஸில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. காபரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. உள்ளே கிண்ணத்தில் பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அதில் பார்க்கலாம். டோர்ச் அடித்துப் பார்த்தார். பெற்றோல் நடுக்கோட்டில் நின்றது. எயார் பில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் எக்சலேட்டரை ஒரு முறை அழுத்தினார். காபரேட்டரின் தொண்டைக்குள் பெற்றோல் பீச்சி அடித்தது. "பெற்றோல் இருக்கு முதலாளி, நெருப்புத்தான் இல்ல" என்றார்.

பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, தன் பையில் இருந்த ஒரு பிளக்கை அதில் செருகி, காபரேட்டருக்கு எட்ட ஒரு இரும்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொன்னார். மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு பொறி விட்டு விட்டு வந்தது. அது நீலமாக, சடக்கென்ற சத்தத்துடன் வந்திருக்க வேண்டும். கொயிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைக்க முடியவில்லை.

விசயம் இதுதான். பழைய பொயின்ட் வகை எஞ்சின்கள் பலவற்றில் கொயிலுக்கு முன்னால் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். ஓடும்போது கொயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது அதன் வேலை. அந்த ரெசிஸ்டருடன் பாவிக்க வேண்டிய கொயிலை மீற்றர் வைத்துப் பார்த்தால் முதற்சுற்று ஏறத்தாழ 1.5 ஓம் காட்டும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகப் பூட்டும் கொயில் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் கொயில் மாற்றியபோது, உடைந்திருந்த ரெசிஸ்டரை எறிந்துவிட்டு, 1.5 ஓம் கொயிலை நேரடியாக பெட்டரி கரண்டில் பூட்டியிருந்தார்கள். சமவெளியில் எப்படியோ சமாளித்துக்கொண்டது. ஏற்றத்தில் எஞ்சின் வெக்கையும் சேர்ந்ததும் கொயில் உள்ளே சுட்டுச் செத்துவிடும். ஆறியதும் உயிர் வரும். நாங்கள் வாங்கிய இரண்டு காபரேட்டர்களின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு சரியான கொயிலுக்குப் போகவில்லை.

வரிசை ஏன் முக்கியம்

அந்த பாஸ் அன்று சொல்லித் தந்த வரிசையையே இன்று வரை பின்பற்றுகிறேன். முதலில் எஞ்சினின் உடம்பு, அதாவது கம்ப்ரெஷனும் வால்வு இடைவெளியும். பிறகு பொயின்ட். அதன் பின் டைமிங். பிறகு காற்றுக் கசிவு. பிறகு பெற்றோல் வரும் பாதை. எல்லாம் சரியென்று கண்ட பின்னரே காபரேட்டர்.

இது சும்மா ஒரு சம்பிரதாயம் அல்ல. வால்வு இடைவெளி பிசகினால் எஞ்சின் காற்றை இழுக்கும் அளவு மாறும். பொயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங் தானாக மாறும். டைமிங் மாறினால் ஸ்லோ வேகம் மாறும். ஸ்லோ வேகம் மாறினால் காபரேட்டரில் நீங்கள் வைத்த அளவு பிழைத்துவிடும். ஆகவே காபரேட்டரை முதலில் சரிசெய்தால், அதற்குப் பின் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதைக் கெடுக்கும். இதைவிட மோசமானது, மற்றப் பிழைகளை மறைப்பதற்காக காபரேட்டரைத் திருகி வைப்பது. அப்படித் திருகி வைத்த லொறி கராஜ் வாசலில் நன்றாக ஓடும். மறுநாள் ரோட்டில் பழைய கதைதான்.

கம்ப்ரெஷன் பார்ப்பதற்கு நான்கு பிளக்குகளையும் கழற்றி, கொயிலின் கரண்டைத் துண்டித்து, எக்சலேட்டரை முழுதாக அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் மீற்றர் வைத்து செல்ப் அடிக்க வேண்டும். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் பயமில்லை. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு. இந்த நிலையில் உள்ள எஞ்சினுக்கு எந்தக் காபரேட்டரும் மருந்தாகாது. டியூனப் என்ற பேரில் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, எஞ்சின் வேலை செய்வதா, லொறியை விற்பதா என்று அன்றே தீர்மானிப்பது புத்திசாலித்தனம்.

4 கே எஞ்சினில் வால்வு இடைவெளி, எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வாங்கும் வால்வுக்கு 0.20 மி.மீ., புகை வால்வுக்கு 0.30 மி.மீ. டெபட் சத்தம் பிடிக்கவில்லை என்று இதைவிட இறுக்கி வைக்கச் சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சத்தம் போய்விடும். சில மாதங்களில் புகை வால்வும் எரிந்துபோகும். கொஞ்சம் தட்டும் சத்தம் கேட்கும் எஞ்சினே எனக்கு நிம்மதி தருகிறது.

பொயின்ட் இடைவெளி 0.45 மி.மீ., பிளக் இடைவெளி 0.8 மி.மீ. தீப்பற்றும் வரிசை 1, 3, 4, 2. பொயின்ட் கறுத்து ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் பொயின்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்டென்சரையும் பாருங்கள். எங்கள் லொறியில் செய்தது போல ரெசிஸ்டர் இல்லாமல் ஓடும் லொறியிலும் பொயின்ட் இப்படித்தான் எரியும். வேறு எஞ்சின்களுக்கு அளவுகள் வேறு. மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரையோ கைநூலையோ பார்க்காமல் மற்ற லொறியின் அளவை வைக்க வேண்டாம்.

கழற்றும் பிளக்குகளைத் துடைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். துடைக்காமல், எந்தச் சிலிண்டருடையது எது என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். மண்ணிறமோ சாம்பல் கலந்த மண்ணிறமோ நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம் போகிறது, அல்லது நெருப்புப் பலவீனம். ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் ரிங் அல்லது வால்வு சீல். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று கூடிப்போயிருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் குற்றம் அந்தச் சிலிண்டரில். காபரேட்டர் நான்குக்கும் பொதுவானது என்பதை மறக்க வேண்டாம்.

டைமிங் விடயத்தில் ஒரு சத்தத்தை உங்கள் டிரைவருக்குப் பழக்கிவிடுங்கள். பாரத்துடன் ஏற்றத்தில், பெரிய கியரில் அழுத்தும்போது எஞ்சினுக்குள் கண்ணாடிக் குண்டுகளைக் குலுக்குவது போல் ஒரு சத்தம் வந்தால் டைமிங் முந்திப்போய்விட்டது, அல்லது பெற்றோலில் கலப்படம். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலில் இந்தச் சத்தம் கட்டாயம் வரும். இந்தச் சத்தத்துடன் தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் உடையும். மாறாக டைமிங் பிந்திவிட்டால் சத்தமே இருக்காது. இழுவை இல்லாமல், எஞ்சின் சூடேறி, பெற்றோல் மட்டும் தீரும். சத்தம் இல்லாத பிழை என்பதால் இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையான டப்பா ஒன்றும் அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும். பாரம் குறைவாக ஓடும்போது டைமிங்கை முன்தள்ளிப் பெற்றோலை மிச்சப்படுத்துவது அதுதான். மூடியைக் கழற்றி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு அசைய வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் அது அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. நான் பார்த்த பழைய லொறிகளில் பலவற்றில் இது கிழிந்திருந்தது. உரிமையாளர்களோ பெற்றோல் குடிக்கிறது என்று காபரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கிக் கொண்டிருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத காற்று

ஸ்லோவில் எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடுகிறது, சோக்கை இழுத்தால் கொஞ்சம் திருந்துகிறது என்றால் எங்கோ காற்று கள்ளமாக உள்ளே போகிறது. காபரேட்டரின் அடிக் கெஸ்கட், மெனிபோல்ட் கெஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸ், வெடித்த சின்னச் சின்ன வெக்யூம் குழாய்கள் ஆகியவையே வழமையான இடங்கள். காபரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான புகைக் குழாயின் மேல், அதுவும் சீட்டுக்குக் கீழே, அதை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசுங்கள். கசியும் இடத்தில் நுரை உறிஞ்சப்படும், ஸ்லோ வேகமும் அந்த நேரம் மாறும். இரண்டடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை மூட்டுகளின் மேல் நகர்த்தினால் சீறும் சத்தத்தைக் கேட்கவும் முடியும். பூஸ்டர் ஹோஸ் கசிந்தால் எஞ்சினோடு பிரேக்கும் கெடும் என்பதால் அதை நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம்.

வெக்யூம் மீற்றர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சுகமான எஞ்சின் கடல் மட்டப் பிரதேசத்தில் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் வரை, முள் ஆடாமல் காட்டும். ஆடாமல் ஆனால் குறைவாக நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம் அல்லது காற்றுக் கசிவு. ஒழுங்கான இடைவெளியில் முள் விழுந்து விழுந்து எழும்பினால் ஒரு வால்வு மூடவில்லை. ஒரே ஒரு முள் இவ்வளவும் சொல்லும்.

பெற்றோல் வரும் பாதை

2022 இல் வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். டாங்கியின் கடைசிச் சொட்டு வரை ஓடினோம். கிடைத்ததைக் கேன்களில் சேமித்தோம். அதனால் டாங்கியின் அடியில் பல வருடங்களாகக் கிடந்த துருவும் தண்ணீரும் குழாயில் ஏறியது. எங்கள் லொறியில் பில்டரை மூன்று முறை மாற்றிய பின்னரும் தூசு வந்ததால் டாங்கியையே இறக்கிக் கழுவினோம். ஸ்லோவில் நன்றாக இருந்து, வேகமாகப் போகும்போது மட்டும் பெற்றோல் போதாமல் திணறும் லொறிக்கு முதலில் பில்டரையும் டாங்கியையும் பாருங்கள்.

கே எஞ்சினின் பெற்றோல் பம்ப் கேம் ஷாப்டினால் இயங்குவது. அது கொடுக்கும் அழுத்தம் மிகக் குறைவு. பம்ப் பழுதானால் இன்ஜெக்சன் வாகனமொன்றின் எலக்ட்ரிக் பம்பைப் பூட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த அழுத்தத்தை காபரேட்டரின் ஊசி வால்வு தாங்காது. பெற்றோல் மேலால் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். பெற்றோல் தாராளமாகப் போகிறது என்று இதில் சந்தோசப்பட ஒன்றுமில்லை, தீ விபத்து ஒன்றுக்கான ஏற்பாடு அது. சீட்டின் அருகே ஒரு சிறிய தீயணைப்புச் சிலிண்டர் வைப்பதற்கு யாரும் சோம்பல்பட வேண்டாம்.

உண்மையாகவே பெற்றோல் கொதிக்கும் லொறிகளும் இல்லாமலில்லை. இந்த எஞ்சினில் உள்ளே போகும் குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில், காபரேட்டர் அந்தச் சூட்டுக்கு மேலே. இடையில் உள்ள தடித்த கறுப்பு இன்சுலேட்டரே காபரேட்டரைக் காப்பாற்றுகிறது. அது வெடித்ததால் வெறும் கெஸ்கட்டை வெட்டிப் போட்டுச் சமாளித்திருந்தால் பெற்றோல் கொதிக்கத்தான் செய்யும். டாங்கிக்குத் திரும்பிப் போகும் பெற்றோல் குழாய் அடைபட்டாலும் அப்படியே. சூட்டோடு நிறுத்திய லொறி பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எக்சலேட்டரை மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டாம். ஒரே அழுத்தாக அடி வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். தேங்கிய பெற்றோல் காற்றோடு வெளியேறி எஞ்சின் பிடிக்கும்.

இப்போது காபரேட்டர்

இவ்வளவும் பார்த்த பின்னர்தான் காபரேட்டர். அதிலும் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சாவியைப் போட்டதும் காபரேட்டரின் பக்கத்தில் உள்ள சொலனொயிட் டிக் என்று ஒரு சத்தம் போட வேண்டும். அதன் வயர் கழன்றிருந்தால் காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். ஒரு வயரை மீண்டும் செருகுவதற்கு முழு காபரேட்டரையும் பிரித்த கதைகள் எத்தனையோ உண்டு. சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் பெற்றோல் கோட்டுக்கு மேலே நின்றால் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது, கீழே நின்றால் வரவு போதாது. எக்சலேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் செத்துப் பிறகு இழுத்தால் பீச்சும் பம்பின் சவ்வு போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் ரிபெயார் கிட் ஒன்று போதும். திரொட்டில் சாப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, புஷ் அடிக்க வேண்டும்.

ஜெட்டைக் கம்பியால் குத்த விடாதீர்கள். அது அளவெடுத்துத் துளைத்த பித்தளை. கம்பி பட்டால் துளை பெரிதாகும், பெற்றோல் செலவு நிரந்தரமாகக் கூடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதுடன் நிறுத்த வேண்டும்.

ஸ்லோ வைப்பதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் திறந்து, எயார் பில்டர் பூட்டிய நிலையில், லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மிக்ஸர் ஸ்குரூவை மெதுவாகத் திருகி, எஞ்சின் ஆகக் கூடிய வேகத்தில் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். வேகம் கூடினால் ஸ்லோ ஸ்குரூவால் குறைத்துவிட்டு மீண்டும் மிக்ஸரைத் தேடுங்கள். இரண்டையும் மாறி மாறி இரண்டு மூன்று முறை செய்து, கடைசியாக மிக்ஸரைச் சற்று உள்ளே திருகி வேகம் ஒரு சிறிது விழும் இடத்தில் விடுங்கள். 4 கே எஞ்சினுக்கு ஏறத்தாழ 750 சுற்று. ஒழுங்காக வைத்தால் வருடாந்த லைசனுக்கான புகைப் பரிசோதனையும் பிரச்சினையின்றிப் போகும். பரிசோதனைக்காக மட்டும் மிக்ஸரை அளவுக்கு மீறி அடைத்து, வெளியே வந்ததும் திறந்துவிடும் வேலை வேண்டாம். மிச்சம் பிடிக்கவென்று அடைத்தபடியே ஓடுவது அதைவிடப் பிழை. ஒரு லீற்றர் பெற்றோலுக்குப் பார்த்து வால்வை எரித்துக்கொள்வோம்.

நுவரெலியாவுக்கு மரக்கறிக்குப் போகும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐதானது. காபரேட்டர் அதை அறியாது, வழமையான அளவு பெற்றோலைக் கொடுக்கும். ஆகவே அங்கே எஞ்சின் சற்றுக் கறுப்புப் புகை விடுவதும் இழுவை குறைவதும் இயல்பு. வெக்யூம் மீற்றர்கூட கொழும்பில் காட்டியதைவிட ஏறத்தாழ 6 அங்குலம் குறைவாகக் காட்டும். இதை நோய் என்று நினைத்து அங்கே மிக்ஸரை அடைத்துவிட்டு, பாரத்தோடு தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ இறங்கினால் கீழே காற்று கூடிப்போய் எஞ்சின் சூடேறும். லொறி அதிகமாக ஓடும் பிரதேசத்தில் டியூன் பண்ணுங்கள். மேலே போகும் இரண்டு மணித்தியாலத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் எழுதுங்கள்

பெற்றோல் குடிக்கிறது என்று சொல்பவர்களிடம் எவ்வளவு என்று கேட்டால் பலருக்குப் பதில் இல்லை. கடனுக்குக் கொடுத்த சீனிக்குக் கணக்கு வைக்கும் நாங்கள் லொறிக்கு வைப்பதில்லை. டாங்கியை நிரப்பி மீற்றரை எழுதுங்கள். அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது எத்தனை லீற்றர், எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். ஐந்து முறை எழுதினால் உங்கள் லொறியின் உண்மையான செலவு தெரியும். மாதம் 2,600 கிலோமீற்றர் ஓடும் லொறி லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போனால் 260 லீற்றர். அதுவே 8 ஆகக் குறைந்தால் 325 லீற்றர். வித்தியாசம் 65 லீற்றர். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக இருந்தது. அந்த விலையில் 65 லீற்றர் என்பது 30,550 ரூபா. இன்றைய விலையைப் போட்டு உங்கள் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு ஒரு மாதம் திடீரென விழுந்தபோது காரணம் எஞ்சினில் இருக்கவில்லை. பின் சில்லு ஒன்றின் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஓடி நிறுத்தியதும் நான்கு சில்லுகளுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அதே கொப்பியில் கராஜ் வேலைகளையும் எழுதுகிறோம். என்ன கழற்றினார்கள், என்ன பூட்டினார்கள், எந்தத் திகதி என்று. மாற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வருமாறு டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று கொயில் மாற்றியபோது அந்த உடைந்த ரெசிஸ்டரைக் கேட்டு வாங்கியிருந்தால், அதற்குப் பதில் என்ன பூட்டினீர்கள் என்ற கேள்வியும் எங்கள் வாயில் வந்திருக்கும்.

லொறி இன்னும் ஓடுகிறது. கழற்றிப் போட்ட எங்கள் பழைய காபரேட்டருக்குக் கிட் போட்டு மீண்டும் பூட்டினோம், அதுவே இன்றும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மற்ற இரண்டும் கடையின் மேல்தட்டில் கிடக்கின்றன.